தனி அரிசி மா

தெற்கே ஒரு சிறிய பட்டணத்தில் இருபது வருடத்துக்கு மேல் பலசரக்குக் கடை வைத்திருந்தவன் நான். மிளகில் பப்பாசி விதை, மல்லியில் மண், தேயிலையில் மரத்தூள் என்று எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு சாக்கின் வாயை அவிழ்க்கும்போதே இதற்குள் என்ன கலந்திருக்கிறார்கள் என்றுதான் கை உள்ளே போகும். மனிதர்களிடமும் அப்படித்தான். யாராவது சிரித்துக்கொண்டு எதிரே வந்தால், ஏதோ காரியமாகத்தான் வருகிறார் என்று நினைப்பேன். பெரும்பாலும் நான் நினைத்தது சரியாகவே இருந்தது.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. உடுத்த உடுப்போடு என் ஊரான சரவணைக்கு வந்து சேர்ந்தேன். என் மெலிவைப் பார்த்தவர்கள் எல்லோரும் கடை போன கவலை என்றார்கள். அது அப்படியில்லை என்று எனக்குத் தெரியும். கடை இருந்த காலத்திலேயே வயிறு என்னோடு பகை. சாப்பிட்டால் ஊதும், பிறகு தண்ணீராகக் கழியும். நாக்கு வெந்தது போலச் சிவந்து கிடக்கும். வாய்க்குள் புண் ஆறவே ஆறாது. அரிசி மூட்டையைத் தூக்கி எறிந்தவன், அரிசிச் சுளகைத் தூக்கவே மூச்சு வாங்கினேன். எலும்புக்குள் இருந்து நோவு வரும். குடும்பம் ஊரில், நான் கடையில். சமைக்க ஏது நேரம்? காலையும் இரவும் பேக்கரியில் வாங்கும் பாண்தான். வயிறு கெட்டால் மத்தியானச் சோற்றையும் நிறுத்திவிட்டுப் பாணையே தின்பேன். வருத்தம் வந்து படுத்தவனுக்குப் பாண்தான் சாப்பாடு என்பது எங்கள் பக்கத்தில் யாரும் கேள்வி கேட்காத சட்டம்.

யாழ்ப்பாணத்தில் போய்க் காட்டினேன். சலரோகம் இல்லை, கசம் இல்லை, பூச்சி இல்லை. உடம்பில் இரத்தம் இல்லை என்று மட்டும் எல்லோரும் சொன்னார்கள். இரும்புச் சத்துக் குளிசைகளை விழுங்கி விழுங்கி மலம் கறுத்ததே தவிர முகம் வெளுத்துத்தான் கிடந்தது. கடைசியாக, இங்கிலாந்தில் படித்து வேலை செய்துவிட்டு வந்திருந்த ஒரு வயதான வைத்தியரிடம் போய்ச் சேர்ந்தேன். என்ன சாப்பிடுகிறேன் என்று அவர் கேட்ட கேள்விகள், என் கடைக்கு வந்த உணவுப் பரிசோதகர் கேட்டதைவிட அதிகம்.

“உமக்குக் கோதுமை ஆகாது,” என்றார். “பாண், கோதம்பமா, ரவை, விசுக்கோத்து, பார்லி, ஒண்டும் வேண்டாம். சாகும்வரைக்கும்.”

கோதுமையில் உள்ள ஏதோ ஒன்று என் குடலின் உள்பக்கத்தை அரித்து மொட்டையாக்கிவிட்டதாம். தின்பது உடம்பில் சேராமல் வழுக்கிக்கொண்டு போகிறதாம். குளிசை பிடிக்காததற்கும் அதுதான் காரணமாம். உறுதிப்படுத்துவதானால் கொழும்புக்குப் போய், வாய்வழியே ஒரு குழாயை விட்டு, குடலில் ஒரு துண்டைக் கிள்ளி எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். எனக்குத் தெற்குப் பக்கம் தலை வைத்துப் படுக்கவே மனமில்லாத காலம் அது. போகமாட்டேன் என்றேன். அப்படியானால் மாவை விட்டுப் பாரும், உடம்பே சொல்லும் என்றார். இது இரத்த வழியில் வருகிற வருத்தம், பிள்ளைகளையும் கவனித்துக்கொள்ளும் என்று கடைசியில் சொல்லி அனுப்பினார். ஒரு குளிசைகூட எழுதவில்லை.

மருந்து எழுதாத டொக்டரை எப்படி நம்புவது? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவரைச் சந்தேகித்துக்கொண்டே வந்தேன். வயதான மனிதர், புத்தி தடுமாறியிருக்கும். ஊர் முழுக்கத் தின்கிற மா எனக்கு மட்டும் எப்படி நஞ்சாகும்? கப்பலில் வந்த அந்தக் கோதுமை மாவைத் தின்றுதானே நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம்.

ஆனாலும் பாணை விட்டேன். ஒரு மாதம் போயிற்று. கழிச்சல் கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. டொக்டர் பொய்யன் என்று முடிவு கட்டப்போன நேரத்தில்தான் என் பழைய கைப்பழக்கம் வேலை செய்தது. ஒரு காலை மனைவி வைத்த பிட்டைக் கைக்குள் வைத்து அமத்தினேன். அரிசி மாப் பிட்டு உதிர வேண்டும். இது கையோடு ஒட்டிக்கொண்டு உருண்டது. குசினிக்குள் போய் மா டின்களைத் திறந்தேன். அரிசி மா டின்னுக்குப் பின்னால், அவித்து அரித்த கோதுமை மா ஒரு டின் ஒளிந்திருந்தது.

“ஒரு கைபிடிதானே போட்டனான்,” என்றாள் மனைவி. “இல்லாட்டி பிட்டுக் காய்ஞ்சு போகும். ஒரு கைபிடி மா மனுசனை என்ன செய்யும்?”

கோபத்தில் டின்னோடு வளவுக்குள் கொட்டினேன். கோழிகள் தின்றன. அதன் பிறகுதான் உடம்பு திரும்பத் தொடங்கியது. முதலில் வயிறு இறுகியது. பிறகு நாக்கு ஆறியது, மிளகாய்ச் சம்பல் தின்ன முடிந்தது. தை மாதம் பக்கத்து ஊரான வேலணைக்குச் சைக்கிளில் போய் வந்தேன். சித்திரையில் பழைய சேட்டுகள் திரும்பவும் அளவாக இருந்தன. அதே குளிசை, முன்பு பிடிக்காத குளிசை, இப்போது பிடித்தது. எலும்பு நோவு மட்டும் முழுதாகப் போகவில்லை. பல வருடமாகச் சேராத சத்து, சேர நாளெடுக்கும் என்றார் டொக்டர்.

அப்போதும் எனக்குள் இருந்த கடைக்காரன் அடங்கவில்லை. சுகம் மாவை விட்டதாலா, ஊர்க் கிணற்றுத் தண்ணீராலா? பார்த்துவிடுவோம் என்று ஒருநாள் யாழ்ப்பாணத்தில் கால் றாத்தல் பாணை வாங்கி நின்ற நிலையிலேயே தின்றேன். திரும்பும்போது மண்டைதீவுச் சந்தியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினேன். அன்றோடு டொக்டரை நம்பினேன். என் வாழ்நாளில் நான் முழுதாக நம்பிய ஆட்கள் அதிகமில்லை. அதில் அவர் ஒருவர்.

டொக்டரை நம்பியதும், மற்ற எல்லோரையும் சந்தேகிக்க வேண்டி வந்தது. அரிசி மா குறைவு, கோதுமை மா லேசில் கிடைப்பது. அதனால் இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் எல்லா வீட்டிலும் கலந்தார்கள். ஆனால் கலந்ததாக எந்த வீட்டிலும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். தனி அரிசி மா என்பது அந்த வீட்டு மானம். கேட்டால், தனி அரிசி மா என்று அடித்துச் சொல்வார்கள். அவர்களுக்கு அது பொய்யாகவே படாது. கொஞ்சம் மா சேர்த்தால் அதற்குப் பெயர் கலப்பா என்பார்கள். நானோ அவர்களின் சட்டியைப் பார்ப்பதா, முகத்தைப் பார்ப்பதா என்று தெரியாமல் முழிப்பேன்.

சாப்பிடாமலும் வர முடியாது. ஒரு வீட்டில் கை நனைக்காமல் எழுந்து வந்தால் அது பகை. அதனால் விரதம் என்று சொல்லப் பழகினேன். வெள்ளி, சதுர்த்தி, சஷ்டி, பிரதோசம் என்று நான் பிடித்த விரதங்களை எங்கள் ஊர் ஐயரும் பிடித்திருக்கமாட்டார். சிலர் என்னைப் பக்திமான் என்றார்கள். இன்னும் சிலர், தெற்கே யாரோ சாப்பாட்டில் மருந்து வைத்துவிட்டார்கள், அந்தப் பயத்தில் திரிகிறான் என்றார்கள். எது வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று விட்டேன். உண்மையை மட்டும் சொல்ல வழியில்லை. மகளுக்குச் சம்பந்தம் பேசும் காலம். பரம்பரை வருத்தம் என்ற சொல் ஒரு வாயில் விழுந்தால் போதும், அவள் வீட்டோடு இருந்துவிட வேண்டியதுதான். அவளுக்குக் கல்யாணம் முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று மனைவி என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

சம்பந்தம் நெடுந்தீவில் சரிவந்தது. மாப்பிள்ளை யாழ்ப்பாணத்தில் உத்தியோகம், நல்ல பொடியன், முன்பே பார்த்தாயிற்று. தகப்பன் இல்லை. தாயும், தகப்பனின் தமையனும்தான் பொறுப்பு. வீட்டைப் பார்த்து நாள் குறிக்க எண்பத்து நாலாம் ஆண்டு ஆனி மாதம் நானும் மனைவியும் குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏறினோம். அந்தக் கடலில் பின்னாளில் போரோடு சேர்ந்த பயங்கள் அப்போது இல்லை. காற்றுக்கு மட்டும்தான் பயந்தோம். அன்று சோளகக் காற்று பிடித்து உலுக்கியது.

மாப்பிள்ளையின் தாய் என்னைவிடச் சற்று மூத்தவர். அளந்து பேசுகிறவர். கற்களை அடுக்கிக் கட்டிய வேலிக்குள் வளவு கூட்டித் துப்புரவாக இருந்தது. எனக்கு அதுவே சந்தேகம். இவ்வளவு துப்புரவாக வைத்திருக்கிறவர்கள் எதையாவது மறைப்பார்கள். தட்டை வடையும் தேநீரும் வந்தன. வடையில் கோதுமை மா இருக்கும் என்று மணத்திலேயே தெரிந்தது. விரதம், மத்தியானச் சோற்றோடுதான் முடிப்பேன் என்றேன். மத்தியானம் சோறும் மரக்கறியும். அதற்குப் பயமில்லை, வயிறு நிறையச் சாப்பிட்டேன். நாளும் பேசி முடிந்தது. பிரச்சினையில்லாமல் தப்பினோம் என்று துறைக்கு வந்தால், காற்று மூர்க்கம், வள்ளம் விடமாட்டோம் என்றுவிட்டார்கள். திரும்பிப் போய் அந்த வீட்டிலேயே தங்க வேண்டியதாயிற்று.

பொழுதுபட்டதும் இலை போட்டு இடியப்பம் வைத்தார்கள். சொதியும் சம்பலும் மணத்தன. காலையில் சொன்ன விரதத்தை இரவுக்கும் நீட்ட முடியாது. இடியப்பத்தில் ஒரு இழையை எடுத்து மெல்ல இழுத்தேன். தனி அரிசி மா என்றால் டக்கென்று அறும். இது நீண்டு, யோசித்து, பிறகுதான் அறுந்தது.

“தனி அரிசி மாவோ அக்கா?” என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த மனைவி என் தொடையில் கிள்ளினாள்.

“ஓம் அண்ணை, தனி அரிசி மா. நானே இடிச்சு வறுத்தனான்.”

என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். மாப்பிள்ளையின் பெரியப்பா எதிரே இருந்து நான் கை வைக்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இலையை நான் மடித்தால் மகளின் கல்யாணத்தையும் சேர்த்து மடிப்பதுதான். மனதுக்குள் அந்த மனுசியைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டேன். அவர் மேலும் வைத்தார். அதையும் சாப்பிட்டேன்.

அன்றிரவு பட்டதைச் சொல்லத் தேவையில்லை. விடிந்தபோது விறாந்தையில் பாயில் கிடந்தேன், எழும்ப ஏலாது. அயல் முழுக்க வளவுக்குள் நின்றது. சம்பந்தம் பேச வந்த மனிதன் சாப்பிட்டுவிட்டு விழுந்து கிடக்கிறான் என்ற செய்தி, சோளகக் காற்றைவிட வேகமாகப் போயிருந்தது. ஒரு பக்கம், சாப்பாட்டில் ஏதோ கோளாறு என்று குசுகுசுத்தார்கள். மறுபக்கம், பெண்ணின் தகப்பன் நோயாளி போலிருக்கிறது, நல்ல காலம் இப்போதே தெரிந்தது என்றார்கள். கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா தன் தம்பி பெண்சாதியை முற்றத்தில் நிறுத்தி விசாரித்தார். சட்டி கழுவியதா, சொதியை மூடி வைத்ததா, பல்லி கில்லி விழுந்ததா என்று ஊர் கேட்கக் கேட்டார். நாளைக்கு நஞ்சு வைத்த வீடு என்று பெயர் வரும், பிறகு யார் இந்த வளவுக்குப் பெண் தருவார்கள் என்றும் கேட்டார். நான் பாயில் கிடந்தபடி மாப்பிள்ளையின் தாயின் முகத்தைப் பார்த்தேன். பல்லி விழுந்திருக்கும் என்று சொல்லியிருந்தால் அது தற்செயல், தப்பிப் போயிருக்கலாம்.

“பல்லி ஒண்டும் விழேல்லை,” என்றார். “மாத்தான் கலந்தனான். பாதி கோதம்பமா. இவை நிப்பினம் எண்டு தெரியாது, அரிசி மா போதேல்லை. கேட்டவர். நான் பொய் சொல்லிப் போட்டன்.”

முற்றத்தில் நின்ற அத்தனை வீட்டுக்காரரும் தங்கள் தங்கள் மா டின்னை நினைத்திருப்பார்கள். பெரியப்பாதான் முதலில் வாயைத் திறந்தார்.

“கோதம்பமா ஆரையும் கொல்லுமே? ஊரே அதைத்தானே தின்னுது. நீ வேற எதையோ மறைக்கிறாய்.”

உண்மையைச் சொன்ன பிறகும் அந்த மனுசியை ஒருவரும் நம்பவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. மனைவி என்னைப் பார்த்த பார்வையில் சத்தியம், மகள், எல்லாம் இருந்தது. நான் கையூன்றி எழுந்து உட்கார்ந்தேன்.

“அவ சொல்லுறது உண்மை,” என்றேன். “கோதம்பமா எனக்கு ஏலாது. அது ஒரு வருத்தம். ரத்த வழியில வாறது எண்டு டொக்டர் சொன்னவர்.”

மாப்பிள்ளையின் தாய் விறாந்தைக்குக் கிட்ட வந்து, உங்கள் பிள்ளைக்கும் இருக்கிறதா என்று கேட்டார். இப்போது இல்லை, வராது என்றும் சொல்ல முடியாது என்றேன். மனைவி முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அயல் ஒவ்வொன்றாகக் கலைந்து போயிற்று. எல்லாம் முடிந்தது என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். மகளிடம் போய் என்ன முகத்தோடு சொல்வது என்று நினைக்க அழுகை வந்தது.

மத்தியானம் மாப்பிள்ளையின் தாய் கஞ்சி கொண்டுவந்தார். மற்றக் கையில் ஒரு பிடி அரிசி. இதைத்தான் காய்ச்சினேன் என்று காட்டிவிட்டுக் கோப்பையை வைத்தார். நான் கஞ்சியைக் குடித்து முடிக்கும்வரை கதவு நிலையில் சாய்ந்து நின்றார். பிறகு என் வருத்தத்தைப் பற்றிக் கேட்டார். முதலில் எப்படித் தொடங்கியது, நாக்கு வெந்ததா, கால் வீங்கியதா, எத்தனை வருடம் தெரியாமல் இருந்தது என்று ஒன்று விடாமல் கேட்டார். நோயைப் பற்றி இப்படிக் கேட்கிறவர் சம்பந்தத்தை உடைக்கக் காரணம் சேர்க்கிறார் என்றுதான் நினைத்தேன். நினைத்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

“என்ர மூத்தவளுக்கும் இப்பிடித்தான்,” என்றார்.

பொடியனுக்கு ஒரு தமக்கை இருந்து இறந்துபோனாள் என்று தரகர் சொல்லியிருந்தார். காய்ச்சல் என்றார். காய்ச்சல் இல்லையாம். இருபது வயதில் தொடங்கி, இரண்டு வருடம் மெலிந்து மெலிந்து போனாளாம். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், யாழ்ப்பாணத்துக்கும் கொண்டுபோனார்கள், ரொனிக் கொடுத்தார்கள், நேர்த்திக்கடன் வைத்தார்கள்.

“சோறு செமிக்காது எண்டு நிப்பாட்டினனான்,” என்றார். “பாணும் விசுக்கோத்தும்தான் குடுத்தனான். இஞ்ச பாண் இல்லை. நாளாந்தம் வள்ளக்காரரிட்டைச் சொல்லி எடுப்பிச்சுக் குடுத்தனான். பாலில நனைச்சுத் தீத்தினனான்.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அதாலயோ அண்ணை?”

எனக்கு எப்படித் தெரியும்? கழிச்சலுக்கு ஆயிரம் காரணம். ஆனால் நாக்கு, வாய்ப்புண், கால் வீக்கம் என்று அவர் கேட்ட ஒவ்வொன்றும் எனக்குள் வரிசையாக வந்து நின்றது. இருபது வருடம் தராசுக்குப் பின்னால் நின்று, பழைய பருப்பைப் புதுப் பருப்பு என்று சொன்ன முகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன்.

“இல்லை அக்கா. அது வேற வருத்தம்.”

அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காற்று இறங்க, துறைக்கு வந்து எங்களை வள்ளம் ஏற்றினார். பிள்ளைக்கு அந்த வருத்தம் வந்தால் எது கொடுக்கக் கூடாது என்று தெரியும்தானே, அது போதும், குறித்த நாளில் மாற்றமில்லை என்று மனைவியிடம் சொன்னார். எனக்கு அதுவும் சந்தேகமாக இருந்தது. இவ்வளவும் தெரிந்து சம்மதிக்கிறார்கள் என்றால் பொடியனில் என்ன குறை என்று வழியெல்லாம் மனைவியைக் கேட்டேன். வாயை மூடிக்கொண்டு வாருங்கள் என்றாள். அடுத்த தையில் கல்யாணம் நடந்தது. பொடியனில் ஒரு குறையையும் இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு டொக்டரிடம் போனபோது இறந்துபோன அந்தப் பெண்ணின் கதையைச் சொன்னேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இனிப் பார்க்க வழியில்லை என்றார். நான் அதைச் சம்பந்தியிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு சம்பந்தியின் வீட்டுக்குள் கோதுமை மா வந்ததில்லை. போரில் எல்லோரும் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் ஒரே கூரையின் கீழ் இருந்த காலத்தில், நிவாரணமாகக் கிடைத்த மாவை அப்படியே அயலுக்குக் கொடுத்துவிட்டு, கேழ்வரகான குரக்கனும் பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மாவும் சம்பந்தி வாங்கி வருவார். அந்தக் கஷ்டத்திலும் என் உடம்பு கெடவில்லை என்றால் அது அவரால்தான். அவர் கையால் மட்டும் நான் இழை இழுத்துப் பார்க்காமல் சாப்பிட்டேன்.

ஆனால் அவர் கேட்பதை நிறுத்தவில்லை. வருடத்தில் ஒரு தடவையாவது, தன் மூத்தவளின் திவசத்தை ஒட்டிய நாட்களில், யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கேட்பார். அண்ணை, அது பாணாலதானோ? நானும் அதே பதிலைச் சொல்வேன். அப்போது அவர் என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். நெடுந்தீவில் அந்த இடியப்ப இழையை நான் இழுத்துப் பார்த்தபோது என் கண்ணில் இருந்த பார்வை அது. பிறகு எனக்குச் சோறு போடுவார்.